சம்பளமில்லாமல் நட்சத்திரம் எண்ணியவர்: ஹெலன் சாயர் ஹாக்



போன பள்ளி விடுமுறையில் நடந்த நம் இளைஞர் முகாமில், இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு ஒரு தங்கை தனியாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது, ஆனா வீட்டு நிலைமையால இந்த வருஷம் போக முடியாது போலிருக்கு என்றாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. கீழே இரண்டு தம்பிகள். இப்போ விட்டுட்டா அதோட எல்லாம் முடிஞ்சிடுமா அக்கா என்று கேட்டாள். அந்த நேரத்துக்கு ஏதோ ஆறுதல் சொன்னேன். எல்லாரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். போய்ப் படுத்த பிறகுதான், அவள் கேட்டதற்கு நான் பதிலே சொல்லவில்லை என்று உறைத்தது.

நானும் படிப்பைப் பாதியில் நிறுத்தியவள்தான். அப்பா படுத்த படுக்கையாகிவிட்ட காலத்தில் முதுகலைப் படிப்பை இரண்டு வருஷம் மூட்டை கட்டி வைத்தேன். கூடப் படித்தவர்கள் பட்டமளிப்புப் படம் அனுப்பும்போதெல்லாம் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். அந்த நாட்களில்தான் நூலகத்தில் ஒரு பெண் வானியலாளரைப் பற்றிப் படித்தேன். எனக்கும் வானியலுக்கும் சம்பந்தமே கிடையாது, நான் படித்தது கணக்கியல். ஆனாலும் அவர் கதை என்னை விடவில்லை. அந்தத் தங்கைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது அந்தக் கதைதான். இப்போது உங்கள் எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

பனியில் நின்ற மாணவி

அவர் பெயர் ஹெலன் சாயர். கல்யாணத்துக்குப் பிறகு ஹெலன் சாயர் ஹாக். 1905 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவெல் நகரில் பிறந்தார். அப்பா வங்கியில் வேலை செய்தவர், அம்மா முன்னாள் ஆசிரியை. 1910-இல் ஹாலி வால் நட்சத்திரம் வந்தபோது ஹெலனுக்கு ஐந்து வயதுகூட நிறையவில்லை. அதைப் பார்த்தது அவருக்குக் கடைசிவரை ஞாபகம் இருந்தது.

படிப்பில் கெட்டிக்காரி. பதினைந்து வயதிலேயே உயர்நிலைப்பள்ளியை முடித்துவிட்டார். பிறகு பெண்களுக்கான மவுண்ட் ஹோலியோக் கல்லூரியில் சேர்ந்தார். அவர் எடுத்த பாடம் வேதியியல். வானியல் அவர் திட்டத்திலேயே இல்லை.

1925 ஜனவரி 24-ஆம் தேதி முழு சூரிய கிரகணம் வந்தது. ஆன் யங் என்ற பேராசிரியை மாணவிகளை ரயிலில் ஏற்றி, கிரகணம் முழுசாகத் தெரியும் கனெக்டிகட் பகுதிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நடுக் குளிர்காலம். முழங்கால் ஆழத்துக்குப் பனி. சூரியன் மறைந்து, பகல் இருண்டு, கறுப்பு வட்டத்தைச் சுற்றி வெள்ளை ஒளி மட்டும் நின்ற அந்தக் கொஞ்ச நேரம் அவர் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. படித்து முடிக்க ஒன்றரை வருஷம்தான் பாக்கி இருந்தது. அந்த நிலையிலும் வேதியியலை விட்டு வானியலுக்கு மாறினார்.

அடுத்த வருஷம் அந்தக் கல்லூரிக்கு ஆனி ஜம்ப் கேனன் வந்தார். ஹார்வர்டு வானாய்வகத்தில் இருந்துகொண்டு, சில லட்சம் நட்சத்திரங்களை அவற்றின் ஒளியை வைத்து வகை பிரித்தவர் இந்த அம்மையார். அந்தச் சந்திப்பு ஹெலனுக்கு ஹார்வர்டின் கதவைத் திறந்தது. 1926-இல் பட்டம் வாங்கிய கையோடு அங்கே போய்ச் சேர்ந்தார்.

கோளக் கொத்து என்றால் என்ன?

ஹார்வர்டு வானாய்வகத்துக்கு அப்போது தலைவர் ஹார்லோ ஷேப்லி. அவர் சொத்து மாதிரி காப்பாற்றி வைத்திருந்த ஆராய்ச்சி, கோளக் கொத்துகள். இதைக் கொஞ்சம் விளக்கிச் சொன்னால்தான் ஹெலன் செய்த வேலை புரியும்.

நம் பால்வீதி ஒரு தட்டு மாதிரி. அந்தத் தட்டுக்கு மேலேயும் கீழேயும் உருண்டை உருண்டையாக நட்சத்திரக் கூட்டங்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு உருண்டையிலும் பல்லாயிரம் முதல் பல லட்சம் வரை நட்சத்திரங்கள். எறும்புப் புற்றில் சர்க்கரை கொட்டியது போல நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு, ஓரத்தில் கலைந்து கிடக்கும். இவைதான் கோளக் கொத்துகள். நம் பால்வீதியில் ஏறக்குறைய 150 இருக்கின்றன. இவற்றில் இருப்பவை பெரும்பாலும் கிழட்டு நட்சத்திரங்கள். வயது ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கும் மேல். பால்வீதியின் பூர்வீகக் குடிகள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்தக் குடிகளில் சிலவற்றுக்கு ஒரு குணம் உண்டு. ஒளி கூடும், குறையும், மறுபடி கூடும். மாறொளி நட்சத்திரங்கள் என்று பெயர். கோளக் கொத்துகளில் இப்படி மாறுபவற்றில் பெரும்பாலானவை ஒரு நாளுக்குள்ளேயே ஒரு சுற்று முடித்துவிடும். இவற்றின் உண்மையான வெளிச்சம் ஏறக்குறைய ஒரே அளவு.

அதனால் என்ன லாபம்? ராத்திரியில் நெடுஞ்சாலையில் போகிறீர்கள். சாலை விளக்குகள் எல்லாம் ஒரே வகை பல்பு. பக்கத்தில் இருப்பது பளிச்சென்று தெரியும், தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். எவ்வளவு மங்கல் என்று அளந்தால், எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டுவிடலாம். அந்த பல்புகள் மாதிரிதான் இந்த நட்சத்திரங்கள். ஷேப்லி இவற்றை வைத்துக் கொத்துகளின் தூரத்தைக் கணக்கிட்டார். கொத்துகள் வானம் முழுக்கச் சமமாகப் பரவியிருக்கவில்லை, தனுசு ராசிப் பக்கம் குவிந்து கிடந்தன. அப்படியானால் பால்வீதியின் நடுவிடம் அந்தப் பக்கம்தான், நம் சூரியன் நடுவில் இல்லை என்று 1918 வாக்கில் சொன்னார். தூரக் கணக்கில் அவர் கொஞ்சம் அதிகமாகப் போட்டுவிட்டார். ஆனால் விஷயம் உண்மை. பூமிதான் நடு என்ற எண்ணம் முன்பே போயிருந்தது. சூரியன்தான் நடு என்ற எண்ணமும் அதோடு போனது.

ஹெலன் வந்து சேர்ந்தது இந்த இடத்தில்தான். எந்தக் கொத்து நெருக்கமானது, எது கலைந்தது என்று பார்த்து 1 முதல் 12 வரை அவற்றை வகைப்படுத்தும் முறையை ஷேப்லியும் அவரும் சேர்ந்து உருவாக்கினார்கள். 1 என்றால் மிக நெருக்கம், 12 என்றால் மிகக் கலைவு. ஷேப்லி–சாயர் வகைப்பாடு என்று இன்றைக்கும் புத்தகங்களில் இருக்கிறது. அதை வெளியிட்ட காலத்தில் அவருக்கு வயது இருபதுகளின் தொடக்கம்.

இவ்வளவு செய்தும் ஹார்வர்டு அவருக்குப் பட்டம் தரவில்லை. பெண்களுக்கு அறிவியலில் மேல்பட்டம் கொடுக்கும் வழக்கம் அங்கே அப்போது கிடையாது. ஆராய்ச்சி செய்தது ஹார்வர்டில், முதுகலைப் பட்டமும் 1931-இல் முனைவர் பட்டமும் வாங்கியது பக்கத்தில் இருந்த ராட்கிளிஃப் பெண்கள் கல்லூரியில்.

கூடையில் குழந்தை

ஹார்வர்டில் கூடப் படித்த ஃபிராங்க் ஹாக் என்ற கனடாக்காரரை 1930-இல் கல்யாணம் செய்துகொண்டார். அவரும் வானியலாளர். அடுத்த வருஷம் ஃபிராங்குக்குக் கனடாவின் மேற்குக் கோடியில், விக்டோரியா நகருக்குப் பக்கத்தில் இருக்கும் டொமினியன் வானியற்பியல் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. 1.8 மீட்டர் கண்ணாடி வைத்த பெரிய தொலைநோக்கி அங்கே இருந்தது.

வேலை கிடைத்தது கணவருக்கு. மனைவிக்கு இல்லை. உலகமே பொருளாதார மந்தத்தில் தத்தளித்த நேரம். முனைவர் பட்டம் பெற்ற ஹெலன், கணவரின் உதவியாளர் என்ற பெயரில் ஒரு காசு சம்பளம் இல்லாமல் ஆய்வகத்துக்குள் போனார்.

இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வந்தது. உங்களுக்கும் வரட்டும், தப்பில்லை. அவருக்கு நடந்தது அநியாயம். பொறுமைக்கு உதாரணம் என்று சொல்லி அதைப் பூசி மெழுக நான் தயாரில்லை. நான் பார்க்கச் சொல்வது, அந்த நிலைமையில் அவர் என்ன செய்தார் என்பதை மட்டும்தான்.

அதுவரை ஹார்வர்டில் மற்றவர்கள் எடுத்த படங்களை வைத்து வேலை செய்தவர், இங்கே தொலைநோக்கியைத் தானே பிடித்துப் படமெடுக்க ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் படம் என்றால் கண்ணாடித் தட்டு. கண்ணாடியின் ஒரு பக்கம் ஒளி படும் மருந்து பூசியிருக்கும். இருட்டில், உயரத்தில் இருக்கும் மேடையில் ஏறி நின்று, தட்டைத் தொலைநோக்கியில் பொருத்தி, வானம் நகர நகரத் தொலைநோக்கி பிசகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கூடத்தைச் சூடுபடுத்தவும் கூடாது, சூடான காற்று படத்தைக் கலைத்துவிடும். ஒரு பெண் ராத்திரியில் வேறு ஆண் ஊழியரோடு தனியாக இருந்து வேலை செய்வதை அன்றைய சமூகம் ஏற்காது. அதனால் ஃபிராங்க் தன் வேலைநேரம் போக, மனைவியின் இரவுகளிலும் கூட வந்து நின்றார்.

1932 ஜூனில் மகள் சாலி பிறந்தாள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை. வீட்டில் விட்டுவிட்டு வரவும் முடியாது, வேலையை நிறுத்தவும் மனசு இல்லை. குழந்தையை ஒரு கூடையில் வைத்துத் தொலைநோக்கிக் கூடத்துக்கே தூக்கிக்கொண்டு வந்தார்கள். மேலே அம்மா நட்சத்திரத்தைப் படம் பிடிக்க, கீழே கூடையில் சாலி தூங்கினாள்.

பிறகு அவருடைய ஆராய்ச்சிக்கு உதவியாக 200 டாலர் கிடைத்தது. அதில் என்ன வாங்கினார் தெரியுமா? புத்தகம் இல்லை, கருவி இல்லை. வீட்டு வேலைக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் ஒரு வருஷம் முழுக்க ஆள் வைத்தார். ஆராய்ச்சிக்குத் தேவைப்பட்ட கருவி அப்போது அதுதான்!

ஆயிரத்து நூற்றுப் பதினாறு

1935-இல் குடும்பம் டொராண்டோ பக்கம் மாறியது. அங்கே ரிச்மண்ட் ஹில் என்ற இடத்தில் டேவிட் டன்லப் வானாய்வகம் அந்த வருஷம்தான் திறந்தது. 1.88 மீட்டர் தொலைநோக்கி, அன்றைக்கு உலகத்திலேயே இரண்டாவது பெரியது. அங்கே அடுத்த வருஷம் ஹெலனுக்கு ஆராய்ச்சி உதவியாளர் என்று ஒரு பதவி கிடைத்தது. டேவிட், ஜேம்ஸ் என்று இரண்டு மகன்களும் பிறந்தார்கள்.

அவர் தினம் செய்த வேலை எப்படிப்பட்டது? ஒரே கொத்தை இன்றைக்கு ஒரு படம், நாளைக்கு ஒரு படம், அடுத்த மாதம், அடுத்த வருஷம் என்று எடுத்துக்கொண்டே போக வேண்டும். பிறகு தட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆயிரக்கணக்கான புள்ளிகளில் எந்தப் புள்ளி பெருத்திருக்கிறது, எது சிறுத்திருக்கிறது என்று தேட வேண்டும். கண்டுபிடித்தால் போதாது, அது எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுகிறது என்று கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு நட்சத்திரத்துக்கே பல வருஷத் தட்டுகள் வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. பெரும்பாலான கோளக் கொத்துகள் கனடாவில் கோடையில்தான் நன்றாகத் தெரியும். கோடையில் அங்கே ராத்திரி ரொம்பக் குட்டி. மேகம் வந்தால் அந்த ராத்திரியும் போச்சு.

அதே சமயம் இன்னொரு பெரிய வேலையையும் கையில் எடுத்தார். கோளக் கொத்துகளின் மாறொளி நட்சத்திரங்களைப் பற்றிப் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள், பல மொழி இதழ்களில், பல வருஷமாக எழுதியிருந்தார்கள். யார் எதைக் கண்டார், எது சரி, எது இரண்டுமுறை எண்ணப்பட்டது என்று ஒரே இடத்தில் பார்க்க வழியில்லை. ஹெலன் உட்கார்ந்து எல்லாவற்றையும் தேடி, சரிபார்த்து, ஒரே பட்டியலாக்கினார். 1939-இல் வெளிவந்த அந்த முதல் பட்டியலில் 1,116 நட்சத்திரங்கள். 1955-இல் வந்த இரண்டாவது பட்டியலில் 1,421. 1973-இல் வந்த மூன்றாவது பட்டியலில் 2,119. முதல் பட்டியலுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் முப்பத்து நான்கு வருஷம். கணக்கியல் படித்தவள் என்பதால் இதன் அருமை எனக்குத் தெரியும். பேரேடு சரியாக இல்லாத கடையில் லாபமா நஷ்டமா என்று யாராலும் சொல்ல முடியாது. பால்வீதியின் மூத்த குடிகளுக்குப் பேரேடு எழுதி வைத்தவர் ஹெலன்.

அந்தப் பேரேடு எதற்குப் பயன்பட்டது? கொத்துகளின் தூரத்துக்கு, அதிலிருந்து பால்வீதியின் அளவுக்கு. கொத்துக்குக் கொத்து இந்த நட்சத்திரங்களின் சராசரி மாறுகாலம் ஒரே மாதிரி இல்லை, இரண்டு பிரிவாக நிற்கிறது என்று நெதர்லாந்தின் ஊஸ்டர்ஹாஃப் 1939-இல் காட்டினார். அப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பதில் தேடுகிறவர்களுக்குப் பல கொத்துகளின் முழுக் கணக்கு கையில் வேண்டும். கோளக் கொத்தின் மாறொளி நட்சத்திரங்களைப் பற்றி எழுத உட்காருகிற யாரும் முதலில் எடுத்துப் பார்த்தது ஹெலனின் பட்டியலைத்தான்.

1951, முதல் நாள்

இரண்டாம் உலகப் போரின்போது ஆண் விரிவுரையாளர்கள் போருக்குப் போனதால் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் வாய்ப்பு ஹெலனுக்கு வந்தது. போர் முடிந்த பிறகு ஃபிராங்க் டேவிட் டன்லப் வானாய்வகத்தின் இயக்குநரானார். எல்லாம் ஒரு நிலைக்கு வந்தது என்று நினைத்த நேரத்தில், 1951 புத்தாண்டு தினத்தன்று ஃபிராங்க் மாரடைப்பில் காலமானார்.

மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கே பதினெட்டு வயதுதான்.

ஃபிராங்க் ஒரு டொராண்டோ நாளிதழில் வாராவாரம் வானத்தைப் பற்றி எழுதிவந்தார். அந்தப் பத்தியை ஹெலன் எடுத்துக்கொண்டார். எவ்வளவு காலம் எழுதினார் தெரியுமா? 1981 வரை, முப்பது வருஷம். வாரம் தவறாமல் சாதாரண மக்களுக்கு, இந்த வாரம் வானத்தில் என்ன தெரியும், ஏன் தெரியும் என்று எளிமையாக எழுதினார். பின்னாளில் அவர் எழுதிய வானியல் புத்தகத்துக்கு, நட்சத்திரங்கள் எல்லாருக்கும் சொந்தம் என்ற பொருளில்தான் தலைப்பு வைத்தார். தொலைக்காட்சியிலும் வானியல் பாடம் நடத்தினார்.

1957-இல் முழுப் பேராசிரியர் ஆனார். முனைவர் பட்டம் வாங்கி இருபத்தாறு வருஷம் கழித்து! அதற்குப் பிறகு கௌரவங்கள் வரிசையாக வந்தன. கனடிய வானியல் சங்கம் 1971-இல் தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவர் அவர்தான். 1976-இல் கனடாவின் மிக உயர்ந்த குடிமக்கள் விருது வரிசையில் உயர்நிலை பெற்றார். ஒரு சிறுகோளுக்கும் அவர் பெயர் வைத்தார்கள்.

பெட்டிக்குள் கிடந்த வெளிச்சம்

எனக்கு ரொம்பப் பிடித்த சம்பவத்தை இதுவரை சொல்லாமல் வைத்திருந்தேன்.

1938 ஜூன் மாதம். ஹெலன் வீட்டில் மூன்று குழந்தைகள், மூத்தவளுக்கு ஆறு வயது, கடைசிப் பையனுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. அந்த மாதக் கடைசியில் அவர் எம்14 என்ற கோளக் கொத்தைச் சில இரவுகள் படமெடுத்தார். வழக்கமான வேலை. தட்டுகளைக் கழுவி, தேதி குறித்து, மற்றவற்றோடு வைத்துவிட்டார். எம்14-ஐ அவர் 1932 தொடங்கிப் பல ஆண்டுகள் விடாமல் படமெடுத்துக்கொண்டே இருந்தார்.

1964-இல் அமீலியா வேலாவ் என்ற இன்னொரு பெண் வானியலாளர் அந்தத் தட்டுகளை எல்லாம் எடுத்து வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். 1938 ஜூன் தட்டுகள் எட்டில் ஒரு புள்ளி இருந்தது. அதற்கு முன்னால் எடுத்ததில் இல்லை, பின்னால் எடுத்ததிலும் இல்லை. அது ஒரு நோவா. ஒரு நட்சத்திரம் திடீரென்று வெடித்துப் பல்லாயிரம் மடங்கு பிரகாசமாகி, பிறகு அடங்கிப்போவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். கோளக் கொத்துக்குள் நோவா தெரிவது அபூர்வத்திலும் அபூர்வம். 1860-இல் எம்80 என்ற கொத்தில் ஒன்றைக் கண்ணால் பார்த்திருந்தார்கள். புகைப்படத்தில் பதிவானது இதுதான் முதல் தடவை.

யோசித்துப் பாருங்கள். எம்14 நம்மிடமிருந்து சுமார் 30,000 ஒளி ஆண்டு தூரத்தில் இருக்கிறது. அந்த வெளிச்சம் முப்பதாயிரம் வருஷம் பயணம் செய்து கனடாவில் ஒரு கண்ணாடித் தட்டில் வந்து விழுந்தது. பிறகு இருபத்தாறு வருஷம் பெட்டிக்குள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. சில இரவுகள் மட்டுமே தெரிந்த அந்த வெடிப்பு இன்றைக்கு அறிவியலுக்குத் தெரியும் என்றால், மூன்று குழந்தைகளோடு அந்த வாரம் தூக்கம் வருகிறது என்று ஹெலன் வீட்டிலேயே இருந்துவிடாததுதான் காரணம். அன்றைக்கு அவருக்கு அது தெரியாது. வழக்கம் போல ஒரு வாரம் வேலை செய்ததாகத்தான் நினைத்திருப்பார்.

நான் படிப்பை நிறுத்தியிருந்த இரண்டு வருஷத்தில், இந்தச் சம்பவத்தைப் படித்த அன்றைக்குத்தான் என் பழைய குறிப்புப் புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். அப்பாவுக்கு மருந்து கொடுத்துவிட்டு, அவர் தூங்கும் நேரம் ஒரு மணி நேரம். சில நாள் அரை மணி. பட்டம் எப்போ வரும் என்று யோசிக்காமல் அன்றைய பக்கத்தை மட்டும் படித்தேன். திரும்பவும் பல்கலைக்கழகம் போனபோது, விட்ட இடம் எனக்கு அந்நியமாக இல்லை.

அந்தத் தங்கைக்கும், அவள் தம்பிகளுக்கும்

தங்கையே, ஒரு வருஷம் தள்ளிப்போனால் முடிஞ்சிடுமா என்று கேட்டாயே, முடியாதும்மா. ஆனால் தானாகவும் நடந்துவிடாது. பதவியும் சம்பளமும் அடுத்தவர் கையில் இருக்கிறது, அவை தாமதமாகலாம். ஹெலனுக்கு இருபத்தாறு வருஷம் தாமதமானது. அன்றன்றைய தட்டை எடுத்துத் தேதி போட்டு வைப்பது உன் கையில் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு எழுதி, இடத்தைத் தள்ளி வைக்க முடியுமா என்று முதலில் கேள். கேட்காமல் விட்டுவிடாதே. நான் கேட்கவே வெட்கப்பட்டு ஒரு மாதம் வீணாக்கினேன்.

தம்பிமார்களே, உங்களுக்கும் ஒன்று உண்டு. ஹெலன் கதையில் ஃபிராங்கை மறந்துவிடாதீர்கள். பகலில் தன் வேலை, ராத்திரியில் மனைவியின் வேலைக்குத் துணை. அவர் வந்து நிற்காவிட்டால் ஹெலன் அந்தத் தொலைநோக்கியைத் தொட்டிருக்கவே முடியாது. உங்கள் வீட்டில் ஒரு அக்காவோ தங்கையோ படிப்பை நிறுத்தும் நிலைமை வந்தால், அவள் எவ்வளவு தியாகம் செய்கிறாள் என்று மேடையில் பேசுவதற்கு முன்னால், கூடையின் ஒரு கைப்பிடியை நீங்கள் பிடியுங்கள். அம்மாவுக்குக் கஞ்சி வைக்க ஆண்பிள்ளைக்கும் தெரிய வேண்டும்.

ஹெலன் 1993 ஜனவரி 28-ஆம் தேதி, எண்பத்தேழாவது வயதில் ரிச்மண்ட் ஹில்லில் காலமானார். அப்போதும் நான்காவது பட்டியலுக்கான வேலை அவர் மேசையில் இருந்தது. அந்த வேலையை டொராண்டோ பல்கலைக்கழகத்தில் அவர் வழியில் வந்த கிறிஸ்டின் கிளெமென்ட் தொடர்ந்தார்.

கடைசியாக ஒரு விஷயம். கோளக் கொத்துகளிலேயே பிரகாசமானது ஒமேகா சென்டாரி. ஏறக்குறைய ஒரு கோடி நட்சத்திரங்கள், 17,000 ஒளி ஆண்டு தூரம். வாழ்நாள் முழுக்கக் கோளக் கொத்துகளைத் தேடிய ஹெலனுக்கு, அவர் வேலை செய்த விக்டோரியாவிலிருந்தும் சரி, ரிச்மண்ட் ஹில்லிலிருந்தும் சரி, அது தெரியவே தெரியாது. அந்த ஊர்களில் அது அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்குத் தெரியும். மே மாதம், இரவு பத்து மணி வாக்கில், ஊர் வெளிச்சம் இல்லாத கடற்கரைப் பக்கமோ தோட்டப்புறமோ போய்த் தெற்கே பாருங்கள். தென்சிலுவை தெரியும். அதற்கு இடப்பக்கம், கொஞ்சம் மேலே, மங்கலான பஞ்சு மாதிரி ஒரு புள்ளி. இருவிழி தொலைநோக்கி இருந்தால் கொண்டுபோங்கள்.

அடுத்த மே மாதம் நம் முகாம் கடற்கரையில் நடந்தால், சாப்பாடு முடிந்ததும் எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய் அதைக் காட்டுவதாக இருக்கிறேன். அந்தத் தங்கையும் வர வேண்டும். அம்மாவைப் பார்த்துக்கொள்ள அன்றைக்குத் தம்பிகள் வீட்டில் இருக்கட்டும்.